நாலு ஆல்பமும் ஓர் இருமலும்

மூன்று வாரமாக மகள் என்னோடு பேசவில்லை. 2025 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று இணைப்புகள் வந்தன. மூன்றும் பாட்டு ஆல்பங்கள். அடியில் ஒரே வரி: "முழுசா கேளுங்கப்பா, ஸ்கிப் பண்ணாம." சாப்பிட்டீங்களா, அம்மா எப்படி இருக்காங்க, எதுவும் இல்லை.

சண்டை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவள் மான்செஸ்டரில் கணினியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அதை விட்டுவிட்டு ஒலிப்பதிவுப் படிப்புக்கு மாறப்போவதாகப் போனில் சொன்னாள். நான் நிதானமாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "உங்க தாத்தா பதினஞ்சு வருஷம் தேராவுல தையல் மெஷின் மிதிச்சாரு. அந்தக் காசுல நான் படிச்சேன். நான் படிச்சதாலதான் நீ அங்க உக்காந்திருக்க. நீ பாட்டு மிக்ஸ் பண்ணப் போறியா?" என்றேன். "தாத்தாவ எதுக்கு இழுக்குறீங்க?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

தாத்தாவை இழுத்தது பிறகு எனக்கே உறுத்தியது. அப்பா ஒருநாளும் தன் உழைப்பைச் சொல்லிக்காட்டியவர் இல்லை. உண்மையில் அவர் எதையுமே வாய்விட்டுச் சொன்னவர் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை எனக்கு தேராவில் வேலை. முர்ஷித் பஜாரில் மொத்தத் துணி வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம். முப்பது வருடமாக ஒரு பழைய மென்பொருளில் கணக்கு வைத்திருந்தார்கள். அதைப் புதிய அமைப்புக்கு மாற்றித் தர வேண்டும். இந்த வேலையை விடுமுறை நாளில்தான் செய்ய முடியும். சரக்கு, வாடிக்கையாளர், பாக்கி, வரவு என்று ஒவ்வொரு தொகுதியாக ஏற்ற வேண்டும். ஒரு தொகுதி ஏற முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். பிழை வந்தால்தான் எனக்கு வேலை. வராவிட்டால் திரையில் நகரும் பச்சைப் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆலோசகர் வேலையில் பாதி காத்திருப்பது என்பதை வெளியே யாரும் நம்பமாட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தொகுதிக்கு ஓர் ஆல்பம் சரியாக இருக்கும்.

*

அல் குசைஸில் மெட்ரோ ஏறும்போது காதில் மாட்டிக்கொண்டேன். பட்டியலில் முதலாவது ஃபைரூஸ். 'வஹ்தோன்', 1979.

அரபு நாடுகளில் காலை ஃபைரூஸுக்கு, இரவு உம் குல்தூமுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. நம் ஊர் டீக்கடையில் விடிகாலையில் எம்.எஸ். சுப்ரபாதமோ நாகூர் ஹனீபாவோ ஒலிப்பதைப் போல. பதினாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். டாக்சியிலும் கஃபட்டேரியாவிலும் ஃபைரூஸின் குரலைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் உட்கார்ந்து கேட்டதில்லை. என் அரபி 'யல்லா', 'ஹலாஸ்', 'கல்லி வல்லி' என்பதோடு முடிந்துவிடும். மகள் இங்கே வளர்ந்தவள். இங்குள்ள பள்ளிகளில் அரபி கட்டாயப் பாடம். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், லெபனான் தோழிகளோடு பழகிப் பேசவும் செய்வாள். எங்கள் வீட்டில் கடைக்குப் போனால் பேரம் பேசுவது அவள்தான்.

நான் எதிர்பார்த்தது வயலின்களும் ஏக்கமுமாக ஏதோ ஒன்று. வந்தது வேறு. பேஸ் கிட்டார் முன்னால் நிற்கிறது. டிரம்ஸ் ஜாஸ் பக்கம் சாய்கிறது. அதன்மேல் அந்தக் குரல் அவசரமே இல்லாமல் நடக்கிறது. 'அல் போஸ்தா' என்றொரு பாட்டு, பேருந்துப் பயணம் பற்றியது. மொழி புரியாமலேயே அந்தப் பேருந்தில் நானும் குலுங்கினேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடி போகும் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டு நினைவுக்கு வந்தது.

ஆல்பத்துக்கு இசையமைத்தது அவருடைய மகன் ஸியாத் ரஹ்பானி. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. அதுவரை ஃபைரூஸ் பாடியதில் பெரும்பகுதி கணவரும் கணவரின் தம்பியும் சேர்ந்து உருவாக்கியது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், பெற்றோர் பிரிந்துகொண்டிருந்த நேரத்தில், மகன் தாய்க்கு வேறொரு இசையைக் கொடுத்தார். தாய் அதைப் பாடினார். நாற்பது வயது கடந்த, நாடே தலையில் வைத்துக் கொண்டாடும் பாடகி, இருபத்து மூன்று வயதுப் பையன் சொன்ன மெட்டுக்கு வாய் திறந்தார் என்பதை யோசித்துக்கொண்டே சலாஹுத்தீன் நிலையத்தைத் தாண்டினேன்.

2025 ஜூலையில் ஸியாத் இறந்துபோனார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அலுவலகத்துக்குக் கீழே கரக் டீ குடிக்கிற கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தேவாலயத்தில் மகனுக்காகக் கறுப்புடையில் உட்கார்ந்திருந்தார் ஃபைரூஸ். தொண்ணூறு வயது. வழக்கமாக மூன்று மொழிகளில் இரைச்சலாக இருக்கும் கடை அன்று அமைதியாக இருந்தது. பரோட்டா அடிக்கும் மலையாளிப் பையன்கூடக் கையை நிறுத்திப் பார்த்தான். எனக்கு அப்போது யார் என்ன என்று தெரியவில்லை. ஒரு கிழவி அழாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் தோன்றியது.

பனியாஸ் ஸ்கொயரில் இறங்கும்போது ஆல்பம் முடியவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற, பூங்கா ஓரத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டுவிட்டுப் போனேன்.

*

பழைய ஆட்கள் இன்னமும் அந்த இடத்தை நாசர் ஸ்கொயர் என்றுதான் சொல்வார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்வார். 1983 முதல் 1998 வரை, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் நாயிஃபில் ஒரு தையல் கடையில் இருந்தார். கந்தூராவும் சட்டையும் தைக்கிற கடை. நான் வேலைக்கு வந்த புதிதில் தேடிப் போனேன். அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்துக் குரல் கடிதம் பற்றி இந்த இதழின் மூத்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபோன் பேசினால் சம்பளம் கரைந்துவிடும். கடிதம் எழுத எல்லோருக்கும் வராது. அதனால் டூ-இன்-ஒன்னில் வெற்று கேசட்டைப் போட்டு அரை மணி நேரம் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் சபுராளி வீடுகளில் கேசட் வந்த அன்று பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வீட்டுப் பெண் கேட்பாள். அதற்கு முன் பெரியவர்களுக்கான பகுதியைக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்டிருப்பார்கள். கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீல் 'துபாய்க் கத்துப்பாட்டு' என்று, வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதத்தையே பாட்டாக்கினார். அதுவும் கேசட்டில்தான் ஊர் ஊராகப் போனது.

எங்கள் வீட்டுக்கும் கேசட் வந்தது. ஆனால் அதில் அப்பாவின் குரல் இல்லை. பாட்டுதான் இருக்கும்.

அம்மா அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. பாட்டில் ஏதாவது சேதி வைத்திருப்பார் என்று நம்பினாள். "இந்தப் பாட்ட ஏன் மொதல்ல வச்சாரு? ஊருக்கு வர்றாராமா?" என்று அத்தையிடம் கேட்பாள். சோகப் பாட்டு இரண்டு சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் அன்று அடுப்பில் சோறு குழைந்துவிடும். ஒரு கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் இரைச்சல் ஓடும். நடுவில் ஒரு மின்விசிறிச் சத்தம். பிறகு ஓர் இருமல். அப்பாவின் இருமல். அவ்வளவுதான், டேப் நின்றுவிடும். அம்மா அந்த இடத்துக்கு மட்டும் சுற்றிச் சுற்றி ஓட்டிக் கேட்பாள். என்ன செய்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. டேப் தேய்ந்துவிடுமே என்றுதான் கவலைப்பட்டேன்.

*

வாடிக்கையாளர் பட்டியல் ஏறத் தொடங்கியது. இரண்டாவது ஆல்பம்: எம்.ஐ.ஏ., 'கலா', 2007.

இவரை எனக்கு முன்பே தெரியும். 2005-இல் ஷெஃபீல்டில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அறைத்தோழர் யாழ்ப்பாணத்துக்காரர். எம்.ஐ.ஏ.யின் முதல் ஆல்பம் 'அருளர்' வந்திருந்த சமயம். மெர்க்குரி பரிசுக்கான பட்டியலிலும் இடம்பிடித்திருந்தது. "ஒருக்கா கேட்டுப் பாருங்கோ" என்று போட்டுக் காட்டினார். நான் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் வெட்கம் தருவது. "நம்ம பொண்ணு ஏன் இப்படிக் கத்துது?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "கத்தினாத்தான் கேக்குது, என்ன செய்யிறது?" என்றார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னிடம் பாட்டு போட்டுக் காட்டுவதையும் நிறுத்திக்கொண்டார்.

இருபது வருடம் கழித்து முர்ஷித் பஜாரின் இரண்டாம் மாடியில், துணிக்கட்டுகளின் பசை வாடைக்கு நடுவே, உறுமியின் இழுப்பு காதில் விழுந்தது. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' என்ற பாட்டுகளில் உறுமி வருகிறது. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் உறுமிக்காரர்களை வைத்துப் பதிந்தது. உண்மையில் இந்த ஆல்பத்தை அமெரிக்காவில் செய்யத்தான் திட்டம். விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போய்ப் பதிந்தார். ஒரு தூதரகத்தின் கதவு திறந்திருந்தால் இந்த உறுமி இந்த ஆல்பத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஜன்னலுக்குக் கீழே தள்ளுவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகும் துணிக்கட்டுகள். தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் பெஷாவர் பக்கத்துக்காரர்கள், வங்காளதேசத்துக்காரர்கள். அவர்கள் வழிவிடச் சொல்லிக் கத்துவதும் எம்.ஐ.ஏ. கத்துவதும் ஒன்றோடொன்று கலந்தன. 'பேப்பர் பிளேன்ஸ்' வந்தது. அதில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் தாளமாகவே வரும். ஷெஃபீல்டில் பழகிய கண்ணோடு பார்த்தால் துப்பாக்கிதான் முன்னால் நிற்கும். தேராவில் கேட்டபோது கல்லாப்பெட்டிதான் கேட்டது. அந்தத் தெருவில் மட்டும் மூன்று பணப்பரிமாற்றக் கடைகள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கே வரிசை நின்றது.

'அருளர்' அப்பாவின் பெயர். ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 'கலா' அம்மாவின் பெயர். அப்பாவின் பெயரை உலகம் பேசியது. அம்மாவைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. பச்சைப் பட்டை அறுபது சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தபோது அந்த அம்மாவைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததும் இயர்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கலா தையற்காரர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அகதியாக லண்டன் வந்தவர் கையால் தைத்துப் பிழைத்தார். ஆங்கிலம் தெரியாத பெண்களுக்குக் கிடைக்கக்கூடிய வேலைகளில் ஒன்றாக, அரச விருதுப் பதக்கங்களுக்கான தையல் வேலையை அவர் வருடக்கணக்காகச் செய்திருக்கிறார். பின்னால் 2020-இல் மகளுக்கே எம்.பி.இ. பதக்கம் கொடுத்தார்கள். அம்மாவின் தையலுக்காகவே அதை வாங்கிக்கொள்வதாக மகள் சொன்னார்.

மகள் ஏன் இந்த ஆல்பத்தை அனுப்பினாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். தாத்தா மெஷின் மிதித்தார் என்று சொன்னேன் அல்லவா? இதோ, தையற்காரரின் மகள் என்ன ஆனாள் பாருங்கள் என்கிறாள். முதலாவதில் ஒரு மகன் தாயைப் பாட வைக்கிறான். இரண்டாவதில் ஒரு மகள் தாயின் பெயரை ஆல்பத்துக்கு வைக்கிறாள். எல்லாம் கணக்காகத்தான் அடுக்கியிருக்கிறாள். சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லாமல் பாட்டில் சுற்றி அனுப்பியிருக்கிறாள். அவள் தாத்தாவின் பேத்திதான்.

ஆல்பத்தை மறுபடி விட்ட இடத்திலிருந்து போட்டேன். வாடிக்கையாளர் பட்டியலில் நானூறு பேருக்குத் தொலைபேசி எண் இல்லை என்று பிழை வந்தது. பெரும்பாலும் 1990களின் பதிவுகள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ. 'செயலற்றவர்' என்று குறியிட்டு மேலே நகர்ந்தேன்.

*

மதியம் நாயிஃப் பக்கம் ஒரு தமிழ் மெஸ்ஸில் சாப்பிட்டேன். மூன்றாவது ஆல்பத்துக்குப் போகுமுன் எனக்கொன்று கேட்க வேண்டும்போல் இருந்தது. அவளிடம் அதற்கு அனுமதி வாங்கவில்லை. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்', 1986.

அப்பா அனுப்பியவற்றில் கடையில் வாங்கிய அசல் கேசட் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கியவை. 1992-இல் அமீரகத்தில் பதிப்புரிமைச் சட்டம் வந்த பிறகு அந்தப் பழக்கம் மெல்லப் போய்விட்டது. முத்துப்பேட்டைக்காரர் ஒருவர் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு ஏழு வயது இருக்கும். இளையராஜா என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம். டூ-இன்-ஒன்னில் போட்டாள். வயலின் வந்தது. பாட்டு வரும் என்று காத்திருந்தாள். முதல் பக்கம் முழுக்க ஓடி முடிந்தது. திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கமும் ஓடி முடிந்தது. "வார்த்தையே இல்லாத பாட்ட அனுப்பியிருக்காரு மனுஷன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பாட்டுக்குள்ளாவது ஒளிந்துகொண்டிருந்த மனிதர் இப்போது அதிலும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்த கேசட் பிறகு என்னுடையதாகிவிட்டது. வேறு யாரும் தொடவில்லை. பாக் என்பவர் யார், தியாகராஜரோடு அவரை ஏன் சேர்த்து வைக்கிறார் என்றெல்லாம் தெரியாமல் கேட்டேன். வி.எஸ். நரசிம்மனின் வயலின், பாக்கின் மெட்டு ஒன்றைத் தொட்டுக்கொண்டு ஓடி, ஓரிடத்தில் சட்டென்று நம் பக்கம் வளைந்துவிடும். அந்த வளைவுக்காகக் காத்திருப்பேன். பின்னாளில் ஷெஃபீல்டில் ஒரு தேவாலயக் கச்சேரியில் பாக்கின் அந்த அசல் மெட்டைக் கேட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் கண்மூடி ரசித்தார்கள். எனக்கு மட்டும் ஏதோ குறைந்தது. வளைய வேண்டிய இடத்தில் வளையவே இல்லை.

அன்று மெஸ்ஸுக்கு வெளியே நின்று கைப்பேசித் திரையில் பாட்டுப் பெயர்களைப் பார்த்தேன். சிறுவயதில் அட்டையில் எழுத்துக்கூட்டிப் படித்த பெயர்கள்தான். 'யூ கேனாட் பி ஃப்ரீ'. 'இட் இஸ் ஃபிக்ஸ்ட்'. ஒன்பதாவது 'டோன்ட் கம்பேர்'. பத்தாவது 'டூ எனிதிங்'. ஒப்பிடாதே, எது வேண்டுமானாலும் செய். அப்பாவையும் மகளையும் ஒப்பிட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. சிரிப்பு வந்தது. உடனே அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து மூன்று. வலது காது மந்தம். அம்மா போன பிறகு தங்கை வீட்டில் இருக்கிறார். நாயிஃப் தெருவில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்திப் பேசினேன்.

"எங்க நிக்கிற?"

"நாயிஃப்ல நிக்கிறேன்ப்பா. ஒன்னு கேக்கணும். நீங்க ஏன் கேசட்ல பேசவே இல்ல? பாட்டா அனுப்புனீங்களே, அம்மாவுக்கு ஏதாவது சேதி வச்சா அனுப்புனீங்க?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்க வாயெடுத்தேன்.

"என்ன சேதி? கடைக்காரன் எத நல்லாருக்குன்னு சொன்னானோ அதப் பதியச் சொன்னேன். அந்த இளையராஜா கேசட்டும் அவன் குடுத்ததுதான், பாட்டே இல்லன்னு எனக்கும் தெரியாது." பிறகு அவராகவே தொடர்ந்தார். "பேசிப் பாத்தேன்டா. ரெண்டு மூணு தடவ பேசுனேன். ஒரு ரூம்ல எட்டுப் பேரு. மேல் கட்டில்ல ஒருத்தன், கீழ் கட்டில்ல ஒருத்தன். எல்லாரும் தூங்குற மாதிரி கெடப்பானுவ, எவனும் தூங்க மாட்டான். அவனுங்க முன்னாடி உங்கம்மாகிட்ட என்னத்தப் பேசுறது? போட்டுக் கேட்டா வேற எவனோ பேசுற மாதிரி இருந்துச்சு. கடையில குடுத்து அது மேலயே பாட்ட ஏத்திட்டேன்."

"ஒரு கேசட்ல கடைசில உங்க இருமல் இருக்கும்ப்பா. அம்மா அதையே கேட்டுட்டு இருப்பாங்க."

"இருமலா? தெரியலயே" என்றார். பிறகு, "வெயில்ல நிக்காத, உள்ள போ" என்றார். நவம்பர் மாதம், வெயிலே இல்லை. நான் அதைச் சொல்லவில்லை.

அந்த இருமல் எப்படித் தப்பியது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. பாட்டு முடிந்த இடத்துக்குப் பின்னால் டேப்பில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. அதில் பழைய பதிவின் வால் அழியாமல் தங்கிவிட்டது. அதாவது அதற்கு முன்னால் இருந்த அரை மணி நேரம் முழுக்க அவர் பேசியிருக்கிறார். அதன்மேல் யார் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா பாட்டின் வரிகளில் தேடியது வீண்தான். அந்தப் பாட்டுகளுக்கு அடியில் அவர் பேசித்தான் இருந்தார்.

*

கடைசித் தொகுதி ஏறி முடிய மாலை ஐந்தானது. கணக்கு ஒத்துவந்தது. ஆனாலும் பழைய அமைப்புக்கும் புதியதற்கும் இடையே பதினோரு திர்ஹம் வித்தியாசம். நிறுவனத்தின் கணக்காளர் கும்பகோணத்துக்காரர். தன் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். மூன்றாவது ஆல்பத்தை அப்ராவில் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு திர்ஹம் கொடுத்தால் கழிமுகத்தின் அந்தப் பக்கம் பர் துபாயில் இறக்கிவிடுவார்கள். மறுபடி ஒரு திர்ஹம் கொடுத்துத் திரும்பலாம். அன்று நாலு முறை போய் வந்தேன்.

பிரியா ராகு, 'சந்தோஷம்', 2023. பெயரைப் பார்த்ததும் ஏதோ திரைப்படப் பாட்டு என்றுதான் நினைத்தேன். சுவிட்சர்லாந்தில் செயின்ட் காலன் நகரத்தில் ஈழத்து அகதிப் பெற்றோருக்குப் பிறந்த பெண். அப்பா ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தார். அங்குள்ள தமிழர் கல்யாணங்களிலும் விழாக்களிலும் திரைப்பாட்டு வாசிப்பார்கள். அண்ணன் கீபோர்டு, தங்கை பாட்டு. வளர்ந்த பிறகு அதே அண்ணன் ஜாஃப்னா கோல்ட் என்ற பெயரில் தங்கைக்கு இசையமைக்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டே பாடியவர். முப்பது வயதைத் தாண்டித்தான் முழுநேரப் பாடகியானார்.

கேட்கும்போது எனக்குப் பிடித்தது எது என்று சொல்கிறேன். ஆர்&பி மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் தவிலோ நாகஸ்வரமோ எட்டிப்பார்க்கும். விருந்தாளியாக வருவதுபோல் இருக்காது. அந்த வீட்டிலேயே இருப்பவர் கூடத்தைக் கடந்து போவதுபோல் இருக்கும். 'ஆடலாம் வா' என்ற பாட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வருகின்றன, என் மகள் வீட்டில் பேசுவதைப் போலவே. நான் எத்தனை முறை "ஒழுங்கா ஒரே மொழில பேசு" என்று அவளைத் திருத்தியிருக்கிறேன். அது அரைகுறை மொழி இல்லை, அவர்களுக்கு முழு மொழியே அதுதான் என்று இந்தப் பெண் பாடியபோது கேட்டது. எல்லாப் பாட்டும் பிடித்தது என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு பாட்டில் கை தானாக அடுத்த பாட்டுக்குப் போகப் பார்த்தது. ஸ்கிப் பண்ணவில்லை.

எதிர்ப் பலகையில் ஒரு வேலையாள் கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு யாரிடமோ காணொளியில் பேசிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு சிறு குழந்தை. தண்ணீரைக் காட்டினான், கடற்பறவைகளைக் காட்டினான். அப்ராவில் இருந்த பதினைந்து பேரும் அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவனுக்கு வெட்கமே இல்லை. அப்பாவின் அறையில் இருந்த எட்டுப் பேரை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை தேரா பக்கம் வந்தபோது வாட்ஸ்அப்பைத் திறந்து ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தினேன். எங்கள் இருவருக்குள்ளும் குரல் பதிவு பழக்கமில்லை. நானும் எப்போதும் ஏதாவது பாட்டின் இணைப்பைத்தான் அனுப்புவேன். அதை அன்றுதான் கவனித்தேன். பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு, தேர்வுக்கு ஒரு பாட்டு. முதல் முறை பதிந்து கேட்டேன், வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் இருந்தது. அழித்தேன். இரண்டாவதில் மன்னிப்புக் கேட்கிற சாக்கில் மறுபடி அறிவுரை சொல்லியிருந்தேன். அழித்தேன். மூன்றாவதைக் கேட்டால், அப்பா சொன்னது சரி, வேறு எவனோ பேசுகிறான். நாலாவதைக் கேட்டுப் பார்க்காமலேயே அனுப்பினேன்.

என்ன பேசினேன் என்று முழுதும் நினைவில்லை. தாத்தாவை இழுத்தது தப்பு என்று சொன்னேன். கலா தையற்காரர் என்று படித்ததைச் சொன்னேன், நீ அதைச் சொல்லத்தான் அனுப்பினாய் என்பது புரிந்தது என்றேன். நாயிஃபில் நின்று தாத்தாவிடம் பேசியதையும் இருமலையும் சொன்னேன். ஆரம்பத்தில் அப்ராவின் டீசல் புகைக்கு எனக்கும் இருமல் வந்தது. அதை வெட்டவில்லை.

வீடு வந்து சேர்வதற்குள் பதில் வந்திருந்தது. அவளும் குரலில்தான் அனுப்பியிருந்தாள். பின்னால் மழைச் சத்தம்.

"அப்பா, அவங்க அம்மா டெய்லர்னு எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அந்த உறுமி சவுண்ட் புடிச்சுது, மிக்ஸ் எப்படிப் பண்ணிருக்காங்கன்னு நீங்க கேக்கணும்னுதான் அனுப்புனேன். ஃபைரூஸ் வந்து பேஸ் லைனுக்காக. நீங்களா என்னமோ கதை கட்டுறீங்க." சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "அந்தக் கேசட் இப்ப எங்க இருக்கு? தூக்கிப் போட்டுடாதீங்க. மேல பாட்டு ஏத்துனாலும் அடில பழைய ரெக்கார்டிங் சில நேரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். டேப் ஹெட் சரியா அழிக்கலன்னா. எடுக்க முடியுமா தெரியாது. ஆனா பாக்கலாம். தாத்தாகிட்ட கேளுங்க."

நானும் அம்மாவைப் போலத்தான் இருந்திருக்கிறேன், பாட்டில் சேதி தேடிக்கொண்டு. அவள் அனுப்பிய சேதி வேறு: இதுதான் எனக்குப் பிடித்த வேலை, வந்து கேளுங்கள். அது முதல் வரியிலேயே இருந்தது.

அவளுடைய படிப்பு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. இந்த ஆண்டுத் தேர்வை எழுதிவிடு, பிறகு பேசுவோம் என்றிருக்கிறேன். அவளும் சரி என்றிருக்கிறாள். பணக் கணக்கு போட வேண்டும், என் மனைவி அவள் பக்கம், நான் இன்னும் நடுவில். கேசட் தங்கை வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடைத்துவிட்டது. மஞ்சள் படிந்த அட்டையில் அம்மாவின் கையெழுத்தில் 'அவர்' என்று மட்டும் எழுதியிருக்கிறதாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். திரும்பி வரும்போது கொண்டுவந்து தருவார். கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன். நாற்பது வருடத்துக்கு முன் இங்கிருந்து போனது, அதே மாதிரி ஒருவர் கையில்தான் திரும்பி வருகிறது.